ஊராரின் கொடையும் பிள்ளைகளின் உரிமையும்

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் பாடத்திட்டங்களையுமே ஆராய்வர். மாணவரின் பசியை ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும் பசித்த பிள்ளைக்குப் பாடசாலையின் திறந்த கதவும் அடைத்த கதவே. இவ்வுண்மையைத் தமிழகம் எவ்வாறு உணர்ந்தது என்பதை நோக்குதல் எமக்குப் பயனுடையதாகும்.

1920-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தனது பாடசாலையில், பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவர் தொகை பெருகிற்று. வேறு சில பாடசாலைகளுக்கும் திட்டம் விரிந்தது. ஆனால் 1925-ம் ஆண்டில், ஆரம்பக் கல்விக்கான நிதியை இதற்குச் செலவிட அன்றைய அரசாங்கம் அனுமதி மறுத்தது, சிற்றுண்டியும் நின்றது. கரும்பலகை கல்விச் செலவு, சோறு கல்விச் செலவன்று என்பதே அந்நிருவாகத்தின் கணக்கு. இரண்டு ஆண்டுகளின் பின்னரே அது மீண்டும் உயிர் பெற்றது.

மாநகரில் நிகழ்ந்த இம்முயற்சி நாட்டுப்புறத்தை எட்ட மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஆடு மேய்க்கவும் வயலில் உழைக்கவும் போன பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைப்பதாயின் ஒருவேளைச் சோறாவது தரவேண்டுமென்பதை முதலமைச்சர் காமராசர் உணர்ந்திருந்தார். கருவூலத்திலோ பணம் போதாது. ஆகவே 1956-ம் ஆண்டில் இப்பணி மக்களின் கொடையைக் கொண்டே தொடங்கப்பட்டது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதனைத் தொடக்கிவைத்தார். கல்வித்துறைக்குப் பொறுப்பாயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்களை ஊக்குவித்தார், ஆசிரியர்கள் ஊர்ப் பெரியோரை அணுகினர், குழுக்கள் அமைந்தன. 1957-ம் ஆண்டு நவம்பரிலிருந்து அரசு மானியமும் சேர்ந்தது. ஓர் உணவுக்கு 10 நயாபைசாச் செலவெனக் கொண்டு, அரசு 6 பைசாவையும் ஊரவர் 4 பைசாவையும் ஏற்றனர்.

அந்த 4 பைசாவின் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அதுவரை அரசாங்கத்தின் கட்டிடமாயிருந்த பாடசாலை, அதனால் ஊராரின் சொந்தப் பொருளாயிற்று. 1958-ம் ஆண்டில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கட்டிடத்துக்கும் தளவாடங்களுக்கும் சீருடைக்கும் மக்கள் வாரி வழங்கியமைக்கு இவ்வுணர்வே அடிப்படை எனலாம்.

ஆயினும் கொடைக்கு எல்லைகள் உண்டு. எந்த ஊரில் பசி மிகுதியோ அந்த ஊரிலேயே கொடுக்கக்கூடியவர் தொகை குறைவு. விளைச்சல் பொய்த்தால் கொடையும் பொய்க்கும். பிள்ளையின் பசி பொய்க்காது. மேலும், ‘ஊர்’ என்பது ஒரே மனங்கொண்ட சமுதாயமன்று. அதனுள்ளே நிலமுடையோரும் கூலிகளும், உயர்த்தப்பட்டோரும் ஒடுக்கப்பட்டோரும் உளர். 2018-ம் ஆண்டில்கூட, திருப்பூர் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருவர் பாடசாலையில் சமைப்பதை ஊரவர் சிலர் எதிர்த்தனர். நெல்லை அள்ளிக் கொடுக்கும் அதே ஊர், அதனைச் சமைக்கும் கையைத் தடுக்கவும் கூடும். சம பந்தியாய் அமையாத உணவு, வயிற்றை நிரப்பினும் மனிதரை வளர்ப்பதில்லை.

எனவேதான் வரலாறு கொடையிலிருந்து உரிமையை நோக்கி நகர்ந்தது. 1982-ம் ஆண்டில் ம. கோ. இராமச்சந்திரனின் அரசு சத்துணவுத் திட்டமாக இதனை விரிவுபடுத்திற்று. 2001-ம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஆரம்பப் பாடசாலைகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022-ம் ஆண்டில் தமிழக அரசு காலையுணவையும் வழங்கத் தொடங்கிற்று.

அதே 2022-ம் ஆண்டில், நெருக்கடியால் நிலைகுலைந்த இலங்கையில், பசியால் சோர்ந்த பிள்ளைகளை ஆசிரியராகிய நாம் கண்டோம். 1945-ம் ஆண்டில் இலவசக் கல்வியை வென்றெடுத்த நாடு இது. அக்கல்வியைப் பெறும் பிள்ளைக்குச் சோறிடுவதும் அரசின் கடமையே. அதனை ஊராரின் இரக்கத்திடம் ஒப்படைத்து அரசு விலகுதல் தகாது. அவ்வாறே, அரசு தருகிறதென்று ஊரார் ஒதுங்கி நிற்றலும் தகாது. அரிசி நல்லதா, அளவு சரியா, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனரா என்று நாள்தோறும் பார்க்கும் கண்கள் வேண்டும். அக்கண்கள் பெற்றோருடையவும் ஆசிரியருடையவுமே. ஊரார் இன்று அளிக்கவேண்டிய 4 பைசா அதுவே.