வெள்ளைக் காகமும் வேலை தேடிய ஹான் யூவும்

கி.பி. 795, சீன நாட்காட்டிப்படி ஐந்தாம் மாதம். தாங் பேரரசின் தலைநகரமான சாங்கானில் (இன்றைய சியான்) வேலை தேடிச் சலித்துப்போன ஒருவர் கிழக்கே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பெயர் ஹான் யூ. சீனக் கணக்கில் வயது 28. வழியில் எதிரே சில ஆட்கள் கூண்டுகளோடு வந்தார்கள். ஒரு கூண்டில் வெள்ளைக் காகம், இன்னொன்றில் வெள்ளை மைனா. இன்ன ஊர் ஆளுநர் சக்கரவர்த்திக்கு அனுப்பும் காணிக்கை என்று கூவிக்கொண்டே போனார்கள். வழிப்போக்கர்கள் ஒதுங்கி நின்றார்கள். நிமிர்ந்து பார்க்கக்கூட யாருக்கும் தைரியமில்லை.

இதைப் பார்த்து ஹான் யூ ஒரு நீள்கவிதை எழுதினார். அதன் முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஏழு வயதில் தொடங்கி 22 வருடமாகப் படிக்கிறேன், எழுதுகிறேன். அரசவையின் கடைசி வரிசையில்கூட எனக்கு இடமில்லை. இந்தப் பறவைகளுக்கு அறிவும் கிடையாது, ஆலோசனை சொல்லவும் தெரியாது. இறகு வேற நிறம், அவ்வளவுதான். அதுக்கே அரண்மனைக்குள்ள போகுது.

வேலை தேடுகிறவர்களிடம் இன்றைக்கு எல்லாரும் சொல்லும் புத்திமதி, "கூட்டத்துல நீ தனியா தெரியணும்" என்பது. அந்தப் புத்திமதியை 1200 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஆள் முழுசாகச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதனால்தான் ஹான் யூவின் வேலை தேடும் படலம் எனக்கு இவ்வளவு சுவாரஸ்யமாகப் படுகிறது.

முதலில் அந்தக் காலத்து ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். ஜின்ஷி என்பது தாங் காலத்தின் பெரிய தேர்வு. கவிதை, கட்டுரை, ஆட்சி நடைமுறை பற்றிய கேள்விகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வந்தால் இருபது, முப்பது பேர் தேறுவார்கள். ஐம்பது வயதில் ஜின்ஷி ஆனாலும் சின்ன வயசுதான் என்று ஒரு சொலவடையே இருந்தது. மூன்று வயதில் அனாதையாகி அண்ணன், அண்ணியிடம் வளர்ந்த ஹான் யூ மூன்று முறை தோற்று, நான்காம் முறை, 792-ல், தேறினார்.

தேறினால் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜின்ஷி என்பது தகுதிச் சான்று மட்டும்தான். தேர்வை நடத்தியது சடங்குத் துறை. வேலை கொடுப்பது பணியாளர் துறை. அங்கே பார்ப்பது நான்கு விஷயம்: ஆளின் தோற்றம், பேச்சு, கையெழுத்து, வழக்குக்குத் தீர்ப்பு எழுதும் திறமை. சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் அந்தத் துறையின் சிறப்புத் தேர்வை எழுதலாம். ஹான் யூ அதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டார். ஒருமுறை பட்டியலில் பெயர் வந்தபிறகு மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். பின்னால் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் விடைத்தாளைத் தானே திரும்பப் படித்தபோது கோமாளி பேசுகிற வசனம் மாதிரி இருந்தது, பல மாதம் வெட்கமாக இருந்தது என்று சொல்கிறார். தேர்வாளர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து எழுதிய எழுத்து அது.

இனி முக்கியமான விஷயம். தாங் காலத்தில் விடைத்தாளில் எழுதியவர் பெயரை மறைப்பது வழக்கமில்லை. தேர்வாளருக்கு இது யாருடைய தாள் என்று தெரியும், தெரிவது தப்பு என்றும் யாரும் நினைக்கவில்லை. அந்த ஆளுக்கு ஊரில் என்ன பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். அப்படியென்றால் தேர்வு நாளுக்கு முன்பே பெயர் வாங்கியாக வேண்டும். எப்படி?

அதற்குத்தான் சுருள். தன்னுடைய சிறந்த கவிதை, கட்டுரைகளைச் சுத்தமாகப் படியெடுத்து, சுருளாகச் சுற்றி, தலைநகரத்தில் செல்வாக்குள்ள பெரிய மனிதர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதற்குச் சீனத்தில் ‘சிங்ஜுவான்’ என்று பெயர். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வரவில்லையென்றால் இன்னொரு சுருள். இந்த இரண்டாவதற்கு ‘வென்ஜுவான்’ என்று பெயர், சுருளைச் சூடாக்குவது என்று அர்த்தம். ஆறிப்போன ஞாபகத்தைத் திரும்பச் சுட வைப்பது! விண்ணப்பம் அனுப்பி இரண்டு வாரம் கழித்து "ஒரு நினைவூட்டல், சார்" என்று மறுபடி மின்னஞ்சல் போடுகிறோமே, அதேதான்.

இதில் கதைகள் ஏராளம். இளைஞரான பாய் ஜுயி, கு குவாங் என்ற மூத்த கவிஞரிடம் சுருளைக் கொடுத்தார். ஜுயி என்ற பெயரை ‘சுலபமாகக் குடியிருப்பவர்’ என்றும் பிரித்துப் படிக்கலாம். கு குவாங் பெயரைப் பார்த்துவிட்டு, சாங்கானில் அரிசி விற்கிற விலைக்கு இங்கே குடியிருப்பது சுலபமில்லையே என்று கிண்டலடித்தாராம். புல்லைப் பற்றிய ஒரு கவிதையைப் படித்த பிறகு, இப்படி எழுதுகிறவருக்குச் சுலபம்தான் என்று மாற்றிக்கொண்டாராம். சென் ஜிஆங் பற்றிய கதை இன்னும் தடாலடி. சந்தையில் பத்து லட்சம் காசு விலை சொன்ன ஒரு நரம்பு வாத்தியத்தை வாங்கினார். நாளைக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று ஊரைக் கூட்டினார். கூட்டம் வந்ததும் வாத்தியத்தைப் போட்டு உடைத்துவிட்டு, என் எழுத்தைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் சுருள்களை விநியோகம் பண்ணினாராம். இரண்டும் பின்னால் சொல்லப்பட்ட கதைகள்; நடந்ததாக அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் இப்படிப்பட்ட கதைகளை அந்தச் சமூகம் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதே ஒரு தகவல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜூ சிங்யூ செய்தது. தேர்வுக்கு முன்னால் ஜாங் ஜி என்ற கவிஞருக்கு ஒரு சின்னக் கவிதை அனுப்பினார். கல்யாணமாகி வந்த புதுப்பெண், விடிந்ததும் மாமனார், மாமியாரை வணங்கப் போகவேண்டும். அதற்கு முன்னால் கணவனிடம் மெதுவாக, புருவம் தீட்டியிருக்கிறது சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். கவிதை அவ்வளவுதான். மாமனார், மாமியார் தேர்வாளர்கள், புருவம் அவருடைய எழுத்து என்பது ஜாங் ஜிக்குப் புரிந்தது. பாராட்டிப் பதில் கவிதை எழுதினார். ஜூ சிங்யூ 826-ல் தேறினார்.

இதன் மறுபக்கத்தை து மூவின் கதையில் பார்க்கலாம். 828-ல் வூ வூலிங் என்ற அதிகாரி, து மூ எழுதிய அபாங் அரண்மனை பற்றிய படைப்பைத் தேர்வாளர் சுய் யானிடம் எடுத்துப்போய் வாசித்துக் காட்டி, இவருக்கு முதலிடம் கொடுங்கள் என்று கேட்டார். முதலிடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. கடைசியில் ஐந்தாமிடத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். தேர்வு அதற்குப் பிறகுதான் நடந்தது! து மூ அந்த இடத்துக்குத் தகுதியானவர்தான், இன்றும் அந்தப் படைப்பைப் படிக்கிறார்கள். ஆனால் வூ வூலிங் மாதிரி ஒரு ஆள் கிடைக்காதவர்கள் அந்த வருடம் எத்தனை பேர்?

ஹான் யூவுக்கு வருவோம். சிறப்புத் தேர்வில் மூன்று முறை தோற்றபிறகு, 795 முதல் மாதம் 27-ம் தேதி அவர் நேரே முதலமைச்சருக்கே கடிதம் எழுதினார். நான்கு தடவை எழுதி ஒருமுறை தேறினேன், மூன்று தடவை பணியாளர் துறைக்குப் போய் ஒன்றும் ஆகவில்லை என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது முதல் கடிதம். பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களும் நிறைய. பதில் இல்லை. 19 நாள் கழித்து இரண்டாம் கடிதம். தண்ணீரிலோ நெருப்பிலோ மாட்டிக்கொண்டவன் தன்மேல் பாசம் உள்ளவனா, பகையாளியா என்று பார்த்தா கூப்பிடுவான், யார் காதில் விழுந்தாலும் சரி என்றுதானே கத்துவான் என்று கேட்கிறார். பதில் இல்லை. அதற்கும் 29 நாள் கழித்து மூன்றாவது. இதில் தொனி மாறிவிட்டது. பண்டைய ஜோவ் கோமகன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் மூன்று தடவை வாயிலிருந்த உணவைத் துப்பிவிட்டு எழுந்துபோய்த் தகுதியானவர்களை வரவேற்றாராம். நானோ இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை, மூன்று தடவை வாசலுக்கு வந்தும் காவல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான் என்கிறார். கெஞ்சலாக ஆரம்பித்தது குற்றச்சாட்டாக முடிகிறது.

பலன் பூஜ்யம். ஐந்தாம் மாதம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பின்னால் வந்த அறிஞர்களில் சிலர், இவ்வளவு பெரிய மனிதர் இப்படியா பிச்சை கேட்பது என்று முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா இல்லை, வளர்த்த அண்ணனும் அண்ணியும் போய்ச் சேர்ந்தாச்சு, தலைநகரத்தில் தங்கக் காசில்லை. கௌரவம் பார்ப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும்.

ஆனால் பறவைகள் விஷயத்தில் ஹான் யூ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். வெள்ளைக் காகம் வெள்ளையாக இருந்ததால் மட்டும் அரண்மனைக்குப் போகவில்லை. அது தானாகப் பறந்து போகவும் இல்லை. எங்கோ ஒருவர் பார்த்து, பிடித்து, ஆளுநரிடம் சேர்த்து, ஆளுநர் ஆள் போட்டு அனுப்பினார். காட்டிலேயே இருந்திருந்தால் மற்ற காகங்கள் கொத்தித் துரத்தியிருக்கும். தனித்துத் தெரிவது பாதிதான். தூக்கிக்கொண்டு போக ஒருத்தர் வேண்டும்.

ஹான் யூ அப்போது இதை எழுதவில்லையே தவிர, பிற்பாடு வாழ்ந்து காட்டினார். அடுத்த வருடம் ஒரு மாகாண ராணுவ ஆளுநரிடம் வேலை கிடைத்தது. சில வருடங்களில் தலைநகரத்துக் கல்விக்கழகத்தில் சாதாரண ஆசிரியப் பதவி. பெரிய செல்வாக்கு எதுவும் இல்லாத அந்த நிலையிலேயே, தேர்வுப் பணியில் இருந்த லூ என்ற அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பத்துப் பேரைப் பரிந்துரைத்தார். அவர்களில் சிலர் அந்த ஆண்டே தேறினார்கள். அந்தக் கடிதத்தில் தன் கதையையும் சொல்கிறார்: 792-ல் தேர்வாளராக இருந்த லூ ஜி, லியாங் சூ போன்றவர்களிடம் யோசனை கேட்டார், அப்படிக் கை காட்டப்பட்டுத் தேறியவர்களில் நானும் ஒருவன்.

இளங்கவிஞர் லி ஹெ சுருளோடு வந்தபோதும் இப்படித்தான். களைத்துப்போய் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஹான் யூ, முதல் வரிகளைப் படித்ததும் திரும்பக் கட்டிக்கொண்டு, அவரை உள்ளே கூப்பிடச் சொன்னார் என்று ஒரு கதை. ஆனால் லி ஹெ தேர்வே எழுத முடியவில்லை. அவருடைய அப்பா பெயர் ஜின்சூ. அதில் வரும் ‘ஜின்’ என்ற ஓசை ‘ஜின்ஷி’யிலும் வருகிறது, அப்பா பெயரை மதிக்கிற மகன் ஜின்ஷி ஆகக்கூடாது என்று போட்டியாளர்கள் கிளப்பிவிட்டார்கள். ஹான் யூ கோபமாக ஒரு கட்டுரையே எழுதினார்: அப்பா பெயர் ‘ரென்’ என்றிருந்தால் மகன் மனிதனாகவே இருக்கக் கூடாதா? (சீனத்தில் மனிதனுக்கும் ‘ரென்’ என்றே உச்சரிப்பு.) வாதம் நியாயமானது. பிரயோஜனமில்லை. லி ஹெ இருபத்தேழு வயதுவாக்கில் இறந்துபோனார்.

அடுத்து வந்த சோங் பேரரசு இந்தச் சுருள் விவகாரத்துக்கே முடிவு கட்டியது. 992-ல் அரண்மனைத் தேர்விலும், 1007-ல் அதற்குக் கீழ்ப்பட்ட தலைநகரத் தேர்விலும் விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள். நம்ம பல்கலைக்கழகங்கள்ல டம்மி நம்பர் போடுற மாதிரி. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், எல்லா விடைத்தாளையும் எழுத்தர்களை வைத்துப் படியெடுத்து, படியை மட்டும் தேர்வாளருக்குக் கொடுத்தார்கள். 1015-ல் அதற்குத் தனி அலுவலகமே வந்துவிட்டது. பெயரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. 1057-ல் தேர்வாளர் ஓயாங் சியூ ஒரு கட்டுரையைப் படித்து அசந்துபோனார். இது தன் மாணவர் ஸெங் கோங் எழுதியதாகத்தான் இருக்கும், முதலிடம் கொடுத்தால் சலுகை காட்டியதாகப் பேசுவார்கள் என்று இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். திறந்து பார்த்தால், எழுதியது சூ ஷி. சீனத்தின் மாபெரும் கவிஞர்களில் ஒருவர்.

இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், பெயர் மறைப்பதுதான் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஆள் தெரியாதவர்களுக்கு அது ஒன்றே பாதுகாப்பு. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பதில் பெயரைக் கடைசிவரை மறைத்து வைக்க முடியாது. எங்கோ ஒரு இடத்தில் யாரோ ஒருவர் சுருளைப் பிரித்துப் படித்துத்தான் ஆகவேண்டும். "தனியா தெரி" என்ற புத்திமதியை நாம் வேலை தேடுகிறவரிடம் மட்டுமே சொல்கிறோம். முதலமைச்சரின் வாசலில் மூன்று தடவை நின்றபோது ஹான் யூ செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இருக்கவில்லை. பாக்கி இருந்தது உள்ளே இருந்தவர் பக்கம்.