மருந்தும் துலாக்கோலும்

நோயுற்ற ஒருவர் மருந்து உண்டார்; நோய் தணிந்தது. ஆகவே அம்மருந்தே நோயைத் தணித்தது என்று முடிவு கட்டிவிடலாமா? நெடுங்காலம் உலகம் அவ்வாறுதான் எண்ணி வந்தது. அம்முடிவு எத்துணை அவசரமானது என்பதை முடக்குவாதத்தின் மருத்துவ வரலாறு காட்டுகிறது.

முடக்குவாதம், மூட்டுகளின் உட்சவ்வில் அழற்சியாகத் தோன்றி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும் நோய். அது கடலலைபோலத் தானே எழும். சில வேளை தானே தணியும். தணியும் வேளையில் எதைக் கொடுத்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். இந்நோய்க்குரிய மருந்துகளை மதிப்பிடுவோர்க்கு இதுவே பெரும் இடர்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஃபிலிப் ஹெஞ்ச், மஞ்சட்காமாலை கண்டபோதும் கருவுற்ற காலத்திலும் முடக்குவாதம் தணிவதைக் கவனித்தார். உடலிலேயே உள்ள ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணம் என ஊகித்தார். அட்ரினல் சுரப்பியிலிருந்து எட்வர்டு கெண்டால் முன்னரே பிரித்தறிந்திருந்த ஒரு பொருள், 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசிவழியே செலுத்தப்பட்டது. நோயால் முடங்கிக் கிடந்த அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். ஹெஞ்ச், கெண்டால், ரைஷ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகம் வியந்து நின்றபோது, பிரிட்டிஷ் அறிஞர்கள் ஓர் எளிய வினாவைக் கேட்டனர்: பழைய ஆஸ்பிரினைவிட இது மேலானதா? நோய் தொடங்கிய நிலையிலிருந்த 61 பேரைத் தேர்ந்து, 30 பேருக்குக் கார்ட்டிசோனும் 31 பேருக்கு ஆஸ்பிரினும் கொடுத்தனர். யாருக்கு எது என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடவில்லை. சீட்டெடுப்பதுபோன்ற முறையில் பிரித்தனர். மருத்துவரின் ஆசை தராசைச் சாய்த்துவிடாதிருக்க அதுவே வழி. ஓராண்டின் இறுதியில் இரு சாராருக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது 1954இல் வெளியாயிற்று. நீண்ட நாள் கொடுத்தால் கார்ட்டிசோன் முகத்தை வீங்கச் செய்வதும், எலும்பை நலிவிப்பதும் இதற்குள் தெரிந்திருந்தன.

அப்படியாயின் அப்பெண் எழுந்து நடந்தது பொய்யா? அன்று. சில நாள் ஆறுதல் வேறு; பல மாத நன்மை வேறு. ஆராய்ச்சியும் அத்துடன் நின்றுவிடவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசலோன், எலும்பு அரிப்பைத் தாமதப்படுத்துகிறது என்பதைப் பின்னர் நடந்த ஈராண்டுச் சோதனைகள் எக்ஸ்கதிர்ப் படங்கள் வாயிலாகக் காட்டின. புகழ்ந்தவர்களின் கூற்றும் முழுமையன்று. மறுத்தவர்களின் கூற்றும் முழுமையன்று.

பொன்னின் கதை இதற்கு நேர்மாறானது. பொன் உப்பு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1890இல் ராபர்ட் காக் கூறினார். முடக்குவாதத்துக்கும் காசத்துக்கும் உறவுண்டு என நம்பிய பிரெஞ்சு மருத்துவர் ஃபாரெஸ்டியர், 1929இல் அதனை முடக்குவாதத்துக்கு வழங்கினார். அந்நம்பிக்கை பிழை. எனினும் 1960இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை, ஒரு சாராருக்கு முழு அளவும், மற்றவர்க்கு மிக அற்பமான அளவும் ஊசியாகக் கொடுத்துப் பார்த்து, பொன் பயன் தருவதை நிறுவியது. காரணம் பிழை, பயன் மெய்! தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்த தீங்கும் மெய்யே. பிற்காலத்தில் அதன் இடத்தைப் பெற்ற மெதோட்ரெக்சேட்டும், 1980களில் இத்தகைய ஒப்பீட்டுச் சோதனைகளைக் கடந்தே வந்தது.

மாணவ நண்பர்களே, புதுமருந்து ஒன்றின் புகழைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்துணைக் காலம் பார்த்தார்கள்? நன்மையோடு தீமையையும் எண்ணினார்களா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே ஒரு மருந்தின் மதிப்பு நமக்குப் புலப்படும்.