எழுத்தில்லா மொழியும் எழுத்தில் நின்ற ஒலியும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், மேல்பட்டாம்பாக்கத்தில் கூடிக் கூடி நாம் ஆய்ந்தவற்றை எண்ணிப் பார்க்கிறேன். அவை பெரும்பாலும் ஏட்டிலும் நூலிலும் எழுதப்பெற்றவையே. எழுத்தே இல்லாத மொழியொன்று தமிழைப் பற்றி நமக்குக் கற்பிப்பதும் உண்டு. அது நீலகிரியில் வாழும் தோடர் பேசும் மொழி.

தோடர் ஏறத்தாழ 2,000 பேரே. எருமையைப் பேணி, பால்மனையையே கோயிலாகப் போற்றுபவர். இவர்தம் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என்பதைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே காணலாம். 1873இல் மார்ஷல் என்பார் தோடரைப் பற்றி எழுதிய நூலில், நாம் நன்கறிந்த ஜி.யு. போப் அம்மொழிக்குச் சுருக்கமான இலக்கணக் குறிப்பொன்றை வரைந்தளித்தார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆய்ந்த எமனோ, தோடர் பாடல்களைத் திரட்டி 1971இலும், இலக்கணத்தை 1984இலும் வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இப்பணியில் பின்தங்கவில்லை. சக்திவேல் எழுதிய தோடா ஒலியியல், இலக்கண நூல்களை அது 1976, 1977ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது.

இனி ஒலிகளுக்கு வருவோம். தொல்காப்பியர் பிறப்பியலில், நாவின் நுனி மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்ற, றகரமும் னகரமும் பிறக்கும் என்கிறார். றகரத்தை வல்லெழுத்து ஆறனுள் ஒன்றாகவும் வைக்கிறார். ஆனால் இன்று நம் வகுப்பறைகளில் றகரத்தை, ரகரத்தினும் சற்று அழுத்தமான ஒலி என்றே கற்பிக்கிறோம். வல்லெழுத்தாகிய றகரம் யாழ்ப்பாணத்தார் 'காற்று' எனச் சொல்லும்போது இன்றும் கேட்கிறது, மலையாளத்திலும் கேட்கிறது. தோடா மொழியிலோ தகரம், றகரம், டகரம் ஆகிய மூன்றும் தனித்தனி வல்லொலிகளாகவே வழங்குகின்றன. நாம் எழுத்தைக் காத்து ஒலியை நெகிழவிட்டோம். அவர்கள் எழுத்தின்றியே ஒலியைக் காத்தனர்.

அம்மொழியின் வளம் இத்துடன் அமைவதன்று. நாவதிர்ந்து பிறக்கும் ரகர வகை ஒலிகள் அதில் மூன்று. அம்மூன்றும் யகரச் சாயல் பெற்றும் பெறாதும் ஆறாகின்றன. சகர இனத்து உரசொலிகள் நான்கு. பாலுக்கும் மொழிக்கும் தோடர் வழங்கும் சொற்களைக் காண்க. நம் 'பால்' என்பதன் லகர ஈறு அவர்தம் வாயில் உரசொலியாகித் தோராயமாகப் 'போஸ்' என நிற்கிறது. 'பாஷை' என்னும் கடன்சொல்லும் ஏறக்குறைய அவ்வாறே 'போஷ்' என்றாயிற்று. இரண்டையும் வேறாக்குவது ஈற்றிலுள்ள உரசொலி ஒன்றே. தமிழ் எழுத்தால் மட்டும் எழுதினால் பாலும் மொழியும் ஒரே சொல்லாகிவிடும். ஸ, ஷ, ஶ என்னும் கிரந்த எழுத்துகளைத் துணைக்கொண்டாலும் மூன்றே கிடைக்கும். நான்காம் ஒலிக்கு எழுத்தில்லை.

ஆகவே, எழுத்தில்லாமையை ஒரு மொழியின் வறுமை எனக் கொள்வது பிழை. 'திருந்தாத மொழி' என்று நம்மவரும் வாய்தவறிச் சொல்வதுண்டு. நாநுனியின் சிறு அசைவில் இத்தனை வேறுபாட்டை இவர்கள் பாட்டிலும் வழிபாட்டிலும் காத்துவந்துள்ளனர். இவர்தம் மொழியை அவ்வாறு சொல்ல நமக்கு என்ன உரிமை?

இன்று தோடர் குழந்தைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப் படிக்கக் கற்கின்றனர். அது வேண்டுவதே. ஆயினும், வீட்டு மொழியை எழுத விரும்பும் குழந்தைக்கு நம் எழுத்தை அப்படியே தந்தால், நான்கு ஒலியும் ஒன்றாகக் குறுகும்; எழுத்தைப் பார்த்துப் பேச்சும் மெல்லத் திருந்திக்கொள்ளும். றகரத்தை ரகரத்தோடு மயங்கவிட்ட நாம் இவ்விழப்பை அறியாதவர் அல்லேம். புதுக் குறிகள் சேர்த்தோ வேறு எழுத்தைக் கொண்டோ எழுதலாம். எதைத் தேர்வதென்பது அம்மொழி பேசுவோர்க்கே உரியது. அவர்கள் பேசக் கேட்டு, வேறுபாடு அறிந்து, உண்மையாகக் குறித்துவைத்தல் தமிழ் கற்ற நம் கடன்.

பிறப்பியலை நடத்தும் ஆசிரியர், றகரம் வருமிடத்தில் ஒருகணம் நின்று நீலகிரியைச் சுட்டுவாராக. நூலில் நாம் படிக்கும் ஒலி அங்கே இன்னும் பேச்சில் வாழ்கிறது.