பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்தவர் வாயில் அது என்றும் பெரியாஸ்பத்திரிதான். 1850ஆம் ஆண்டில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தோன்றி, இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கின்றது. கடும் நோயென்றால் குடாநாட்டின் எந்த மூலையிலிருந்தும் அங்கேதான் செல்லவேண்டும். எத்தனை கட்டை தூரம் என்பதே எமது கணக்காக இருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் அக்கணக்கு பிழைத்தது.

பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. ரயில் நின்றது, பஸ்கள் அருகின. பழைய ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதைச் சிறு போத்தலில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவனே அன்றைய செல்வந்தன்! மண்ணெண்ணெய் விலையும் பலமடங்கு ஏறிவிட, வசதியுள்ளவர் வீட்டு நோயாளி காரில் போனார். மற்றவர் வீட்டு நோயாளி சைக்கிள் கரியரில் போனார். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கரியரில் இருத்தி, ஒருவர் உருட்ட, மற்றவர் விழாமல் தாங்கிப் பிடிக்க, மின்சாரமற்ற இருளில் நகர் நோக்கி நடந்த குடும்பங்களை நான் அறிவேன். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் ஒதுங்கியிருந்தோரில் பலருக்குச் சைக்கிளும் இல்லை.

அவ்வாண்டு நவம்பரில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் முயற்சியால் பெரியாஸ்பத்திரிச் சூழல் பாதுகாப்பு வலயமாயிற்று. உள்ளே போய்ச் சேர்ந்தவருக்கு அது பெரும் புகலிடம். வலயத்தின் எல்லைவரை வந்து சேர்வது அவரவர் பாடு.

அந்நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, இவ்வூர் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மதம் பரப்புவதும் மிஷனின் நோக்கமே; அது வேறு கதை. அவரிடம் பயின்றோர் பல ஊர்களுக்கும் சென்று வைத்தியம் செய்தனர். நோயாளியை வைத்தியரிடம் கொணர்வதற்கு மாறாக, வைத்தியர் நோயாளியின் ஊருக்குப் போனார்.

போர் 2009இல் முடிந்தது. தெருக்கள் செப்பனிடப்பட்டன, 2014 அக்டோபரில் ரயிலும் யாழ்ப்பாணம் வந்தது. நெடுந்தீவாருக்கோ இன்றும் கடல்தான் தெரு. தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் பெரிய சிகிச்சையென்றால் குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணம், பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியே நகரம். கர்ப்பிணிகள் நாளெண்ணி முன்கூட்டியே நகருக்கு வந்து உறவினர் வீடுகளில் தங்குவதுண்டு. நகரில் உறவினர் இல்லாதவள், காற்று எழும் மாதங்களில் கடலைப் பார்த்தபடி இருக்கிறாள்.