விளக்கு வச்ச பிறகு தயிர் கொடுக்கக் கூடாதா? அயர்லாந்திலும் இதே கதைதான்

"விளக்கு வச்சாச்சு, இனிமே பால், தயிர், உப்பு எதையும் வெளியே கொடுக்காதே." பினாங்கில் பல தமிழ் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் பேச்சு இது. கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அயர்லாந்துப் பாட்டிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

அங்கே என்ன நம்பினார்கள்?

அங்கே ஆபத்தான நாள் மே 1. அன்று பால், வெண்ணெய், உப்பு, அடுப்பு நெருப்பு எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. விடியற்காலையில் ஒருத்தி பக்கத்து வீட்டு மேய்ச்சல் நிலத்துப் பனியைத் துணியில் ஒற்றி எடுத்தால், அந்த வீட்டு வெண்ணெய் முழுக்க அவள் தாழிக்கு வந்துவிடும் என்று பயந்தார்கள். சூனியக்காரி முயலாக மாறி மாட்டுப் பாலைக் குடிக்கும் கதை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. காவலுக்குத் தாழியின் அடியில் குதிரை லாடம் வைப்பார்கள். கடையும் நேரத்தில் யார் வந்தாலும் ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏன் வெண்ணெய்?

காரணம், அது காசு. பல குடியானவர்கள் வெண்ணெய் விற்றுத்தான் நில வாடகை கட்டினார்கள். ஆனால் பாலாடை அதிகம் குளிர்ந்தாலும் சூடானாலும் வெண்ணெய் சரியாகத் திரளாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் அது சூனியமாகத்தான் தெரியும்.

இங்கேயும் உண்டா?

மலாய்க்காரர்களின் 'தொயோல்' கதை தெரியும்தானே? குழந்தை உருவில் வந்து அக்கம்பக்கத்து வீட்டுப் பணத்தைத் திருடி, வளர்ப்பவரிடம் சேர்க்கும் ஆவி. நம் ஆட்களோ மாடு பால் குறைத்தால், "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்பார்கள்.

அமெரிக்க மானுடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நல்லதெல்லாம் அளவோடுதான் இருக்கிறது என்று நம்பும் ஊரில், ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைந்திருக்க வேண்டும். அப்போது கேள்வி "என்ன ஆச்சு?" என்பதல்ல, "யார் எடுத்தது?" என்பதுதான்.

இதில் என்ன ஆபத்து?

தயிர் கொடுக்காமல் இருப்பதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் "யார்?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் கதை மாறும். பெரும்பாலும் அது தனியாக வாழும் ஏழைப் பெண்ணின் பெயராகவே இருக்கும். இந்தியாவில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க, ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2001 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படியும் கொலைகள் நின்றபாடில்லை.

பாட்டி சொல்வதைக் கேட்டுத் தயிரை உள்ளேயே வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போடாமல் இருந்தால் போதும்.