தலையில்லாமல் நடந்தவர்

1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பில் சூறாவளி அடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டுக் கூரை வாவிப் பக்கம் பறந்துவிட்டது. மழை விட்டபிறகு நனைந்ததையெல்லாம் முற்றத்தில் பரப்பினோம். பாய், நெல், கூத்துக்கென்று அப்பா செய்து வைத்திருந்த முடிகள், பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியரிடம் நான் இரவல் வாங்கி வந்த ஒரு படப் புத்தகம். முடிகளில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் கழன்று சேற்றுக்குள் மினுங்கின. புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டன.

ஒரு தாளை மெல்ல உரித்தேன். கால்களை அகட்டி வைத்து ஒருவன் நடந்துகொண்டிருந்தான். தலையுமில்லை, கைகளுமில்லை. அதெல்லாம் மற்றத் தாளோடு போய்விட்டது என்று நினைத்தேன். இரவல் புத்தகம் அல்லவா, பயத்தோடுதான் கொண்டுபோய்க் காட்டினேன். சேர் சிரித்தார். “கிழியல்ல மனே. அந்தாள் செஞ்சதே அப்பிடித்தான்.”

அந்தாள் ஓகுஸ்ட் ரொடான். 1840இல் பாரிசில் பிறந்தவர். தகப்பன் பொலிஸ் திணைக்களத்தில் சாதாரண எழுத்தர். அரசாங்கத்தின் பெரிய கலைப் பள்ளிக்கு மூன்று தடவை சோதனை எழுதி, மூன்று தடவையும் தவறியவர். பிறகு வெகுகாலம் வேறு ஆட்களின் பட்டறையில் கூலிக்குக் கட்டட அலங்காரம் செய்தார். நம்மூர் மேசன்மார் கோயில் தூணில் தாமரை வைக்கிற மாதிரி வேலைதான். 1877இல் ‘வெண்கலக் காலம்’ என்ற ஆளுயரச் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் மேல் சாந்தைப் பூசி அச்செடுத்துவிட்டான் என்று பழி வந்தது. அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவன் ஒரு பெல்ஜியப் படைவீரன். அவனைப் படம் பிடித்து, சிலையையும் உடம்பையும் ஒப்பிட்டுக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1880இல் அந்தச் சிலையை அரசாங்கமே வாங்கியது. சிந்தனையாளன், கலே நகரத்தார், பல்சாக் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை, புகழும் அப்படியே. ரொடானின் பட்டறையில் வேலை செய்த கமீய் க்ளோதெல் தன்னளவில் பெரிய சிற்பி. 1913இல் வீட்டார் அவளை மனநோய் விடுதியில் அடைத்தார்கள். முப்பது வருசம் அங்கேயே கிடந்து 1943இல் இறந்தாள். ரொடானைப் பற்றிப் பேசும்போது இதை விழுங்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

எனக்கு வேண்டியது அந்த நடக்கிறவன். யோவான் தீர்க்கதரிசியின் சிலைக்காகச் செய்த காலையும் உடலையும் பிறகு ஒன்றாகப் பொருத்தி உண்டாக்கியது அது. உற்றுப் பார்த்தால் ஒரு விசயம் பிடிபடும். நடக்கிற மனுசனின் பின்குதி தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். இவனுக்கோ இரண்டு பாதமும் அப்பிய மாதிரித் தரையில். ஆனாலும் நடக்கிறான். ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது கமெராவின் வேலை. முதல் அடியையும் அடுத்த அடியையும் ஒரே உடம்பில் வைப்பது சிற்பியின் வேலை என்பது ரொடானின் கட்சி.

அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் முடியும் புஜக்கட்டும் செய்கிறவர். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளச் சத்தத்தில் வளர்ந்தவர். “அண்ணாவியார் முகத்தையா பாக்கார்? ஆடுறவன்ட காலத்தானே பாக்கார். இவனுக்குத் தலை என்னத்துக்கு?” என்றுவிட்டு, கழன்ற கண்ணாடியைப் பொறுக்கப் போய்விட்டார். ரொடானைப் பற்றி நான் பின்னால் வாசித்த எதுவும் அந்தப் பேச்சுக்குக் கிட்ட வரவில்லை.

ரொடானுக்கும் நமக்கும் நேரடியாக ஒரு முடிச்சு இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. விக்டர் கோலுபியூ என்ற ரஷ்யர், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள நடராசர் படிமங்களின் புகைப்படங்களை ரொடானுக்குக் காட்டினார். முதலாம் உலகப் போருக்கு முந்திய காலம். ரொடான் இந்தியாவுக்குப் போனதில்லை. அந்தப் படங்களை வைத்துக்கொண்டே சிவ தாண்டவத்தைப் பற்றி எழுதினார். அது புத்தகமாக வந்தது 1921இல். அவர் செத்து நாலு வருசம். அதே புத்தகத்தில் இந்தியக் கலை பற்றி எழுதிய ஆங்கிலேயர் ஹவெலும், கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமியும் எழுதியிருக்கிறார்கள்.

குமாரசுவாமி சொல்வது தத்துவம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நாங்கள் சமய பாடத்தில் மனப்பாடம் செய்து புள்ளி வாங்கியதும் அதுதான். உடுக்கை எந்தக் கையில், தீ எந்தக் கையில் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ரொடானுக்குத் தத்துவம் தெரியாது. முன்னால் பார்க்கிறார், பக்கவாட்டில் பார்க்கிறார், வாயைத் தனியாக, காலைத் தனியாகப் பார்க்கிறார். வெளிச்சம் எங்கே விழுந்து எங்கே வழுக்குகிறது என்று எழுதுகிறார். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்தான். ஆனால் என்னைப் போலக் களிமண் பிசைகிறவனுக்கு முதலில் ரொடான்.

அதை வாசித்த கிழமை கொழும்பு ரயில் ஏறினேன். அந்தப் பாதை பொலன்னறுவைக்கூடாகத்தான் போகிறது. அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில்களின் இடிபாட்டில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் நடராசரையும் நாயன்மாரையும் தோண்டி எடுத்தார்கள். பல இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். மட்டக்களப்பான் போய்வருகிற பாதையில் கிடைத்த சாமி அது, நாற்பது வயதில்தான் போய்ப் பார்க்கிறேன். உடுக்கையைப் பார்க்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, அரை மணித்தியாலம் ஊன்றிய காலை மட்டும் பார்த்தேன். காவலாளி இரண்டு தரம் வந்து போனார். முயலகனின் முதுகில் அழுந்துகிற அந்தப் பாதம் ஒருக்காலும் வழுக்காது; தாளம் தெரிந்தவனின் கால்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். நம் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சாமி. ரொடான் சாந்தில் மூலத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து பல படிகள் வார்ப்பித்தவர். அதனால் சிந்தனையாளன் உலகத்தில் பல ஊர்களில் குந்தியிருக்கிறான். கை ஒடிந்தாலும் ரொடான் எறியமாட்டார், அதை வேறொரு உடம்பில் பொருத்திப் பார்ப்பார். நம் வழக்கத்தில் பின்னமான சாமி கும்பிட ஆகாது, தண்ணீரில் விட வேண்டும்.

போன வருசம் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பழைய மரச் சிலைக்குச் செல் அரித்து வலக்கையும் முகத்தில் பாதியும் போய்விட்டது. புதிது செய்யச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பழையதை இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்கக் கேட்டேன். பின்னமானதை வீட்டில் வைப்பதா என்று பெண்சாதிக்கு விருப்பமில்லை. விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து நிறுத்தினேன். பென்சிலால் பதினொரு படம் கீறினேன், எல்லாம் இடுப்புக்குக் கீழே. மூன்றாம் நாள் தோணியில் கொண்டுபோய் வாவி நடுவில் விட்டோம். மரம் அல்லவா, உடனே தாழவில்லை. கால் மேலே தெரிய, நீரோட்டத்தோடு கொஞ்சத் தூரம் போனது.