மனுச சுபாவம் யார் எழுதியது?

'ஏற்றத்தாழ்வு மனுச சுபாவம்ப்பா, அத மாத்த முடியாது.' சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள்கூட இப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சுபாவத்தை யார், எப்போது நிர்ணயித்தார்கள் என்று மேலைத் தத்துவத்துக்குள் தேடிப் போனேன். அங்கேயும் அது ஒரே இடத்தில் நிற்கவில்லை.

1651இல் 'லெவியாதன்' எழுதிய ஹாப்ஸ் உள்நாட்டுப் போரின் காலத்து ஆள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பயந்து வாழ்கிறவர்கள், அடக்கிவைக்க ஓர் அதிகாரம் வேண்டும் என்றார். அவரே, இயற்கையில் எல்லோரும் ஏறக்குறைய சமம்தான் என்றும் ஒத்துக்கொண்டார்.

பிறக்கும்போது மனசு வெள்ளைத்தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றார் ஜான் லாக். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1669இல் கரோலினா குடியேற்றத்துக்குச் சாசனம் தயாரானபோது, அதன் பிரபுக்களுக்குச் செயலாளராக இருந்தவர் இவர். கறுப்பு அடிமை மீது எஜமானனுக்கு முழு அதிகாரம் உண்டு என்கிறது அந்தச் சாசனம். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் பங்கு வாங்கியிருந்தார்.

கறுப்பர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று 1753இல் ஹியூம் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். 1764இல் கான்ட் அதையே ஆதாரமாகக் காட்டினார். அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1734இல், இன்றைய கானாவில் பிறந்த ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ விட்டன்பர்கில் தத்துவ ஆய்வேடு அளித்து, பிறகு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பாடமும் நடத்திவிட்டார். ஆமோவின் வாழ்க்கையே அவர்களுக்குப் பதில்.

எதிர்க்குரலும் அங்கேயே இருந்தது. சமூக ஏற்றத்தாழ்வு இயற்கை தந்ததல்ல, சொத்தோடு வந்தது என்றார் ரூசோ (1755). மனித சாரம் என்பது சமூக உறவுகளின் மொத்தம் என்றார் மார்க்ஸ் (1845). நடத்தையை ஆள்வது பழக்கம், பழக்கத்தை உண்டாக்குவது சமூகம் என்றார் ஜான் டூயி (1922). கொலம்பியாவில் டூயியிடம் படித்தவர் அம்பேத்கர். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவரைத் தன் ஆசிரியர் என்று நன்றியோடு சொல்கிறார். சாதி ரத்தத்தில் இல்லை, சாத்திரத்தின் புனிதத்தை நம்புவதில் இருக்கிறது என்று அதில் வாதிடுகிறார்.

பழக்கம் என்பதால் லேசாகப் போய்விடாது. ஊரும் சேரியும், கல்யாணமும் சுடுகாடும் அதை நாள்தோறும் பழக்கிக்கொண்டே இருக்கின்றன. சுபாவம் என்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன். தண்ணி பள்ளத்துக்கு ஓட யாரும் சட்டம் போடறதில்ல. ஏற்றத்தாழ்வு சுபாவம்னா, அங்கே சாசனமும் சாட்டையும் எதுக்கு? இங்கே சாத்திரமும் அரிவாளும் எதுக்கு?